கிளாஸ்ஹூட்டே வாட்ச் வாங்கப் போகிறீர்களா? பில் யார் பெயரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

போன வருடம் கோடையில் அப்பாவும் அம்மாவும் ஜெர்மனியில் நான் இருக்கும் டிரெஸ்டனுக்கு வந்து என்னோடு இரண்டு மாதம் தங்கியிருந்தார்கள். அப்பா நாற்பது வருடம் எச்எம்டி ஜனதா கட்டியவர். காலையில் பல் தேய்த்த கையோடு அதற்குச் சாவி கொடுப்பார், பள்ளிக்கூட நாட்களில் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். அது நின்றுபோய்ச் சில வருடம் ஆகிவிட்டது, ஊரில் அதைப் பிரித்துச் சரிசெய்ய ஆள் இல்லை. நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் கிளாஸ்ஹூட்டே என்று ஒரு ஊரே கடிகாரம் செய்து பிழைக்கிறது, அங்கே செய்த ஒரு சாவி வாட்சை அவருக்கு வாங்கித் தரலாமே என்று இறங்கினேன்.

வாங்கியும் கொடுத்துவிட்டேன். ஆனால் நடுவில் இரண்டு தவறு செய்தேன். முதலில் விலை குறைவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு கடையில் ஆர்டர் செய்தேன், வந்த பெட்டியில் இருந்த வாரண்டி அட்டையில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. அதைத் திருப்பி அனுப்பிப் பணம் கைக்கு வர ஒரு மாதம் போயிற்று. அடுத்து நேரில் ஒரு கடைக்குப் போய், என் பெயரில் பில் போட்டு, என் கார்டைத் தேய்த்து வாங்கினேன். இந்தியாவில் வசிப்பவர் என்பதால் அப்பாவுக்குத் திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய விற்பனை வரி, முந்நூறு யூரோவுக்கு மேல், அந்த ஒரு பில்லால் போனது. நீங்கள் ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர் என்றால், அல்லது ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு வாங்க நினைத்தால், கீழே இருப்பதை வரிசையாகப் படியுங்கள்.

1. உங்கள் பணத்துக்கு எந்தக் கம்பெனி என்று முடிவு செய்யுங்கள்

கிளாஸ்ஹூட்டே சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்குத் தெற்கே முக்லிட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். ஒரே ஊர் என்றாலும் விலை ஒரே மாதிரி இல்லை. ஏ. லாங்கே உண்ட் சோனே என்றால் 25,000 யூரோவுக்கு மேல்தான் பேச்சே. கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல் 6,000 யூரோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவர்களுக்கு எட்டுவது நோமோஸ், மூலே, யூனியன் ஆகியவற்றின் ஆரம்ப மாடல்கள். இவை இரண்டாயிரம் யூரோவை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

டயலில் கிளாஸ்ஹூட்டே என்று யார் வேண்டுமானாலும் போட முடியாது. வாட்ச் செய்யும் முக்கிய வேலைகளின் மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஊரிலேயே உருவாகியிருக்க வேண்டும் என்பது விதி, 2022 முதல் அது அரசாணையாகவே இருக்கிறது. ஆனால் "ஜெர்மனியில் செய்தது" என்ற வாசகத்தை மட்டும் பார்த்து உள்ளே எல்லாமே ஜெர்மனியில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிராங்க்பர்ட்டின் சின் கம்பெனி வாட்சின் உள்ளே ஓடும் எந்திரத்தைப் பல மாடல்களுக்குச் செலிட்டா என்ற சுவிஸ் கம்பெனியிடம் வாங்கிப் பயன்படுத்துகிறது. மூலேகூடச் செலிட்டாவை அடிப்படையாக வாங்கி, வேகத்தைச் சீர்செய்யும் பகுதியைத் தன் முறையில் மாற்றிப் போடுகிறது. இதில் ஒரு குறையும் இல்லை, சின் வாட்ச் அடிதாங்குவதில் கெட்டி, ரிப்பேரும் எந்த ஊரிலும் செய்யலாம். ஆனால் சொந்த எந்திரத்துக்காகத்தான் கூடுதலாகப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், எந்திரத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

நான் எடுத்தது நோமோஸ் டாங்கென்டே, 35 மில்லிமீட்டர். உள்ளே ஆல்பா என்ற அவர்களுடைய சொந்தச் சாவி எந்திரம், முழுச் சாவி கொடுத்தால் 43 மணி நேரம் ஓடும். அப்பா தினமும் சாவி கொடுப்பவர் என்பதால் ஆட்டோமேட்டிக் பக்கம் நான் போகவே இல்லை.

இங்கே ஒரு கண்ணி உண்டு. டாங்கென்டே 35இல் 101 என்றும் 139 என்றும் இரண்டு எண்கள் இருக்கின்றன. முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 101க்குப் பின்மூடி எஃகு, 139க்குப் பின்மூடி கண்ணாடி, எந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம், விலையும் அதிகம். இணையத்தில் "அதே வாட்ச், இவ்வளவு மலிவு" என்று தோன்றினால் முதலில் மாடல் எண்ணை ஒப்பிடுங்கள். எந்தக் கம்பெனியானாலும் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு விலை விசாரியுங்கள்.

2. கையில் கட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

படத்தில் அளவு தெரியாது. டாங்கென்டேயின் டயல் சிறியது, ஆனால் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் நீளம், அதனால் 35 மில்லிமீட்டர் வாட்ச் கொம்புக்குக் கொம்பு 45 மில்லிமீட்டர் வருகிறது. 38 மில்லிமீட்டர் மாடல் மெலிந்த மணிக்கட்டில் விளிம்பைத் தாண்டி நிற்கும். விட்டத்தை மட்டும் பார்க்காமல் இந்த நீளத்தையும் கேளுங்கள், மணிக்கட்டின் மேல்பக்க அகலத்தை ஒரு ஸ்கேலில் அளந்துகொண்டு போங்கள்.

முடிந்தால் ஒரு நாள் கிளாஸ்ஹூட்டேவுக்கே போய் வாருங்கள். டிரெஸ்டனிலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ஹைடனாவ், அங்கே மாறி ஆல்டன்பெர்க் போகும் சின்ன ரயில். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் இருந்தால் தனிச் செலவு இல்லை. ரயிலிலிருந்து இறங்கினாலே பழைய ஸ்டேஷன் கட்டடம்தான் நோமோஸ் அலுவலகம், நடக்கும் தூரத்தில் ஜெர்மன் கடிகார அருங்காட்சியகம். அப்பா அங்கே ஒரு கண்ணாடிக் காட்சிப் பெட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார், அம்மா பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதையும் வாங்காமல் திரும்பினோம், ஆனால் எந்த அளவு, எந்த நிற முள் என்பது அன்றைக்கு முடிவாகிவிட்டது. நீல முள்தான் வேண்டும் என்றார்.

கடைகள் ஞாயிறு மூடியிருக்கும். பெரிய கடைகளில் முன்பே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் உட்காரவைத்து நிதானமாகக் காட்டுவார்கள், சனிக்கிழமை மதியம் திடீரென்று நுழைந்தால் அது நடக்காது. டிசம்பரைத் தவிருங்கள்.

3. எங்கே வாங்குவது: மூன்று வழி, மூன்றுக்கும் வேறு வேறு உரிமை

இதைத்தான் எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நேரில் கடைக்குப் போய் வாங்கினால், வாட்ச் பழுதில்லாமல் இருக்கும்வரை, மனம் மாறியது என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்குச் சட்ட உரிமை கிடையாது. இந்தியாவிலிருந்து வந்த பலர் ஐரோப்பாவில் எதையும் 14 நாளில் திருப்பலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த 14 நாள் இணையத்திலோ போனிலோ வாங்குவதற்குத்தான். கடை தானாகவே மாற்றித் தந்தால் அது அவர்களுடைய நல்ல மனசு, அதை வாங்கும் முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கினால், கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். ஆனால் பார்சலை மட்டும் அனுப்பினால் போதாது, "இந்தக் கொள்முதலை ரத்து செய்கிறேன்" என்று தெளிவாக எழுதி அந்த 14 நாளுக்குள் அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் போதும். இதற்கு ஜெர்மனில் விடர்ரூஃப் என்று பெயர், கடையின் விதிமுறைப் பக்கத்திலேயே மாதிரிப் படிவம் இருக்கும். ரத்துக் கடிதம் போனபின் 14 நாளுக்குள் அவர்கள் பணத்தைத் திருப்ப வேண்டும், ஆனால் வாட்ச் அவர்களிடம் வந்து சேரும்வரை அல்லது நீங்கள் அனுப்பியதற்கு ஆதாரம் காட்டும்வரை நிறுத்தி வைக்கலாம். திருப்பி அனுப்பும் செலவை உங்கள் தலையில் கட்டவும் அவர்களுக்கு வழி உண்டு. அதற்கிடையில் வாட்சைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போய்க் கீறல் விழுந்தால் மதிப்புக் குறைந்ததற்குக் கழித்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் ஒட்டுகளை எடுக்காதீர்கள். பின்மூடியில் பெயர் பொறித்துத் தரச் சொன்னால் திருப்பும் உரிமையே போய்விடும், உங்களுக்கென்று தனியாகச் செய்த பொருளாகிவிடுகிறது.

மூன்றாவது, சந்தைத் தளங்களில் தனிநபர் விற்பது. அங்கே 14 நாளும் இல்லை, பழுதுக்குப் பொறுப்பு இல்லை என்று எழுதிவிட்டே விற்கலாம். புதிதாக வருபவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். கம்பெனியின் அங்கீகாரம் இல்லாத கடைகள் புது வாட்சுகளை எங்கிருந்தோ வாங்கி விலை குறைத்து விற்கின்றன. இது சட்டவிரோதம் இல்லை. ஆனால் விளம்பரத்தில் "அணியாதது" என்று போட்டிருந்தால் அதற்குப் "புதியது" என்று அர்த்தம் இல்லை. யாரோ ஒருவர் எங்கோ கடையில் வாங்கி, கட்டாமல், இவர்களுக்கு விற்றிருக்கலாம். கம்பெனி வாரண்டி அந்த முதல் விற்பனை நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். என் அட்டையில் ஏழு மாதம் ஏற்கெனவே கரைந்திருந்தது. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் எழுத்தில் இந்த மூன்றையும் கேளுங்கள்:

வாரண்டி அட்டையில் என்ன தேதி இருக்கும், அது காலியாக இருந்து என் பெயருக்கு நிரப்பப்படுமா? விற்பவர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவரா? பில்லில் 19 சதவீத வரி தனியாகக் காட்டப்படுமா?

மூன்றாவது கேள்வி ஏன் என்றால், பழைய பொருளாக வாங்கி விற்பவர்கள் பில்லில் "25ஏ பிரிவின்படி" என்று ஒரு வரி போடுவார்கள். அப்படி இருந்தால் வரி அவர்களுடைய லாபத்துக்கு மட்டும்தான், தனியாகக் காட்ட மாட்டார்கள், ஊருக்கு எடுத்துப் போகும்போது வரித் திருப்பமும் கிடைக்காது. பெட்டியும் காகிதமும் பளபளவென்று புதிதாக இருந்தாலும், அந்த ஒரு வரியைப் பார்த்தாலே அது இரண்டாம் கை வழியாக வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியல் ஒவ்வொரு கம்பெனியின் தளத்திலும் இருக்கிறது. நோமோஸ், சின், ஸ்டோவா போன்றவர்களிடம் நேரடியாகவும் வாங்கலாம். தள்ளுபடி பற்றி வெட்கப்படாமல் ஒரு முறை கேளுங்கள், விலையில் ஏதாவது செய்ய முடியுமா என்று, அவ்வளவுதான். சில கடைகள் குறைப்பார்கள், சிலர் கூடுதலாக ஒரு ஸ்ட்ராப் தருவார்கள், இல்லை என்றால் இல்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லாங்கே போன்ற இடத்தில் பேரம் பேசும் பழக்கம் இல்லை, சில மாடல்களுக்குக் காத்திருப்புப் பட்டியலே உண்டு.

4. காகிதங்கள்

கடையை விட்டு வெளியே வரும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: பில், வாரண்டி அட்டை. பெட்டி அதற்குப் பிறகுதான்.

பில்லில் வாங்குபவரின் முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் பெயர்களில் இது பெரிய தொல்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருப்பார்கள், கடையில் தட்டச்சு செய்பவர் எது முதல் எது கடைசி என்று குழம்புவார். பாஸ்போர்ட்டைக் காட்டி எழுத்துக்கு எழுத்து பார்க்கச் சொல்லுங்கள். முகவரி, தேதி, மாடல் எண், வாட்சின் தொடர் எண், வரி தனியாக. தொடர் எண் பின்மூடியில் பொறித்திருக்கும், அது பில்லிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று ஒப்பிடுங்கள். வெறும் சில்லறைக் கடை ரசீதைத் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், முழு பில் வேண்டும் என்று கேளுங்கள், ரெஹ்னுங் என்றால் புரியும்.

வாரண்டி என்று நாம் பொதுவாகச் சொல்வது இங்கே இரண்டு தனி விஷயம். கரான்டீ என்பது கம்பெனி தானாகத் தருவது, அதன் காலமும் நிபந்தனையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டை இல்லாமல் நடக்காது. கெவேர்லைஸ்டுங் என்பது சட்டப்படி விற்றவருக்கு உள்ள பொறுப்பு, புதுப் பொருளுக்கு இரண்டு வருடம். முதல் 12 மாதத்தில் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. அதற்குப் பிறகு நிரூபிப்பது உங்கள் பாடு. எனவே ஏதாவது சந்தேகம் இருந்தால் பதினோராம் மாதத்துக்குள் கடைக்குப் போய்விடுங்கள். "கம்பெனிக்கு அனுப்புங்கள், எங்களுக்குத் தெரியாது" என்று கடை சொன்னால் கெவேர்லைஸ்டுங் என்ற வார்த்தையைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்மூடி உட்பட.

5. பணம் கட்டுவது

வங்கி அட்டைக்குத் தினசரி வரம்பு இருக்கும், ஆயிரமோ இரண்டாயிரமோ. கடையில் நின்று கார்டு மறுக்கப்பட்டால் சங்கடம், முந்தின நாளே செயலியில் வரம்பை உயர்த்துங்கள் அல்லது வங்கிக்குப் போன் செய்யுங்கள். ஊரிலிருந்து வந்தவர் இந்திய கார்டில் கட்டினால், எந்திரத்தில் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்கும். யூரோவைத் தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்று அழுத்தினால் கடையின் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். அந்த கார்டுக்கு வெளிநாட்டுச் செலவுக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டு வையுங்கள், அது வரியில் மிச்சமாவதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ரொக்கமாக 10,000 யூரோவோ அதற்கு மேலோ கொடுத்தால் கடைக்காரர் உங்கள் அடையாள அட்டையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தவணை கேட்டால் ஷூஃபா, அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவைப் பார்ப்பார்கள். வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்களுக்கு அதில் போதுமான பதிவு இருக்காது, மறுக்கப்படலாம்.

மாடல் கையிருப்பில் இல்லை என்று முன்பணம் கேட்டால், எவ்வளவு, எந்த மாடல் எண், எந்தத் தேதிக்குள், வராவிட்டால் பணம் முழுதாகத் திரும்புமா என்று நான்கையும் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.

6. வரித் திருப்பம்: நான் பணத்தை விட்ட இடம்

விலையில் 19 சதவீத வரி உள்ளடங்கியிருக்கிறது. 2,000 யூரோ வாட்சில் வரி 380 இல்லை, 319 யூரோ சொச்சம், ஏனென்றால் அந்த 2,000 வரி சேர்ந்த தொகை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கித் தன் சொந்தப் பையில் எடுத்துப் போனால் இந்த வரி திரும்பக் கிடைக்கும். பில் 50 யூரோவுக்கு மேல் இருந்தால் போதும்.

இதில் பார்ப்பது குடியுரிமையை இல்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதை. என் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனால் ஜெர்மன் வசிப்பிட அனுமதி என்னிடம் இருக்கிறது, டிரெஸ்டனில் முகவரி பதிந்திருக்கிறேன், எனவே நான் தகுதியில்லை. வாட்ச் அப்பாவுக்கு, அப்பா அடுத்த வாரம் கும்பகோணம் போகிறார் என்று எவ்வளவு சொன்னாலும் பில்லில் இருப்பது என் பெயர். போட்ட பில்லை ரத்து செய்து வேறு பெயரில் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் பக்கம் சட்டப்படி சரிதான். வாங்குபவர், பில்லில் இருப்பவர், எடுத்துப் போகிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

எனவே பெற்றோருக்கு வாங்குவதாக இருந்தால் அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டும் முன்பே இந்தச் சொற்களில் சொல்லுங்கள்: வாங்குபவர் இவர், இந்தியாவில் வசிக்கிறார், ஏற்றுமதிப் படிவம் வேண்டும். பணத்தை நீங்கள் கொடுப்பதாக இருந்தால் உங்கள் கார்டு பயன்படுத்தலாமா என்று அப்போதே கேளுங்கள், சில கடைகள் ஒத்துக்கொள்வதில்லை. திடீர்ப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை.

இன்னொன்று, வரித் திருப்பம் தரும்படி கடையை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது அவர்கள் விருப்பம். செய்கிறவர்களிலும் இரண்டு வகை உண்டு. சிலர் தங்களுடைய சொந்தப் படிவத்தைத் தருவார்கள், சுங்க முத்திரையோடு அது திரும்பி வந்ததும் முழு வரியையும் அனுப்புவார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு இடைக் கம்பெனி வழியாகச் செய்வார்கள், அவர்கள் கட்டணம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். எந்த வகை, கையில் எவ்வளவு வரும் என்று வாங்கும் முன் கேளுங்கள். இரண்டு கடையில் ஒரே விலை என்றால் இந்தத் தொகையை வைத்து முடிவு செய்யலாம்.

காலக்கெடு: வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாத முடிவுக்குள் வாட்ச் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். மே மாதம் எந்தத் தேதியில் வாங்கினாலும் ஆகஸ்ட் கடைசிவரை.

7. விமான நிலையம், இரண்டு பக்கமும்

வாட்சைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். கைப்பையில் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டும். டிரெஸ்டனிலிருந்து பிராங்க்பர்ட் வழியாகச் சென்னை போனால் பிராங்க்பர்ட்டில். பெர்லினிலிருந்து தோஹா வழியாகப் போனால் பெர்லினிலேயே.

சுங்க மேசையில் வாட்ச், பில், படிவம், பாஸ்போர்ட், விமானச் சீட்டு ஐந்தையும் காட்ட வேண்டும். முத்திரை இல்லாத படிவம் வெறும் காகிதம். கோடையில் வரிசை நீளமாக இருக்கும், வழக்கமாகப் போவதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெற்றோர் தனியாகப் பயணம் செய்தால் இடைமாற்று நேரம் குறைவான சீட்டை எடுக்காதீர்கள். பிராங்க்பர்ட்டில் ஒன்றரை மணி நேரத்தில் அறுபத்தைந்து வயதுக்காரர் சுங்க மேசையைத் தேடிப்பிடித்து விமானத்தையும் பிடிப்பது கஷ்டம். எந்த மேசை, என்ன காட்ட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முத்திரை குத்திய படிவத்தைப் போட்டோ எடுத்துவிட்டு, கடைக்கு அனுப்ப வேண்டியது என்றால் முகவரி எழுதிய உறையைக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

சென்னையில் இறங்கும்போது பயணிகளுக்கு வரியில்லாமல் அனுமதிக்கும் தொகை இந்த விலைக்கு மிகக் குறைவு. அது அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் இந்தியச் சுங்கத்துறைத் தளத்தில் அன்றைய வரம்பையும் விகிதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ள தொகைக்குத் தீர்வை கட்ட வேண்டும். சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டிக் கட்டிவிடுங்கள். கையில் கட்டிக்கொண்டு போனால் கேட்க மாட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள், அப்பா வயதில் ஒருவரை அந்த மாதிரி ஒரு நிலையில் நிறுத்தக் கூடாது. ஜெர்மனியில் திரும்பும் வரியையும் அங்கே கட்டும் தீர்வையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கணக்குப் பாருங்கள், சில சமயம் ஊரிலேயே அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கட்டிய தீர்வை ரசீது வாட்ச் பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை அதைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனால், கிளம்பும்போது சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம், திரும்பி வரும்போது கேள்வி வராது.

நீங்கள் ஜெர்மனியில் வசித்து, வாட்சோடு ஊருக்குப் போய்த் திரும்புகிறவராக இருந்தாலும் பில்லின் போட்டோ போனில் இருக்கட்டும். விமானத்தில் ஜெர்மனிக்குள் வரும்போது வரம்பு 430 யூரோ, வாட்ச் இங்கே வரி கட்டி வாங்கியது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

8. முதல் இரண்டு வாரம்

பார்சலில் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் தபால் நிலையத்தில் சாதாரணப் பார்சலாகப் போடாதீர்கள். டிஹெச்எல் சாதாரணப் பார்சலுக்கு 500 யூரோ வரைதான் பொறுப்பு. விலை மதிப்புக்கு ஏற்ற காப்பீடுள்ள அனுப்புச் சீட்டை விற்றவரிடமே எழுதிக் கேளுங்கள். நான் கேட்டு வாங்க ஒரு வாரம் ஆனது, ஆனாலும் அதுதான் சரி.

தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள். கையில் இருந்து கழற்றிய பிறகு சாவி கொடுப்பது நல்லது, கட்டியபடியே திருகினால் திருகு வளைந்து இழுபடும். போனில் உள்ள நேரத்தோடு ஒரு வாரம் ஒப்பிட்டு எழுதி வையுங்கள். எந்திர வாட்ச் நாளுக்குச் சில விநாடிகள் முன்னே பின்னே போவது இயல்பு, அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். திடீரென்று நிமிடக் கணக்கில் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும், டேப்லெட் உறை, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். கடிகாரக் கடையில் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். தேதி காட்டும் வாட்சாக இருந்தால் இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் தேதியை மாற்றாதீர்கள், பல எந்திரங்களில் அந்த நேரத்தில் பற்கள் கோத்திருக்கும், உடையலாம்.

டாங்கென்டேயின் நீர்த்தாங்கு அளவு 3 ஏடிஎம். கை கழுவினால் ஒன்றும் ஆகாது, குளிக்கவோ நீந்தவோ கூடாது. அத்தோடு வரும் குதிரைத்தோல் ஸ்ட்ராப் டிரெஸ்டன் குளிருக்குப் பல வருடம் வரும், கும்பகோணத்து மே மாத வியர்வைக்கு வராது. 18 மில்லிமீட்டர் துணி ஸ்ட்ராப் இரண்டு கூடவே வாங்கி அனுப்புங்கள், மாற்றும் கருவியோடு.

9. காப்பீடும் சர்வீஸும்

வீட்டுப் பொருள் காப்பீடு இருக்கிறது, அது போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டை உடைத்துத் திருடினாலோ வழிப்பறி நடந்தாலோ பொதுவாக அது கொடுக்கும். நீச்சல் குளத்தில் கழற்றி வைத்தது காணாமல் போனால், ரயிலில் யாரோ எடுத்துப் போனால் சாதாரண ஒப்பந்தம் கொடுக்காது. தங்க வாட்ச் என்றால் விலையுயர்ந்த பொருள் வகையில் போய்விடும், அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. வாங்கிய வாரத்திலேயே காப்பீட்டுக் கம்பெனிக்கு பில் நகலோடு மின்னஞ்சல் எழுதி, எந்தெந்த நிலையில் கொடுப்பீர்கள் என்று பதில் வாங்கி வையுங்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பிரித்து எண்ணெய் போட வேண்டிவரும் என்று கணக்கு வையுங்கள். எளிய சாவி வாட்சுக்கே சில நூறு யூரோ, ஸ்டாப்வாட்ச், நாட்காட்டி எல்லாம் உள்ள வாட்சுக்கு இன்னும் அதிகம், கம்பெனிக்கு அனுப்பினால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வாட்ச் இந்தியாவில் இருந்தால் சர்வீஸுக்காக ஜெர்மனிக்கு வருவதும் போவதும் மறுபடி சுங்கம்தான். எனவே நீங்கள் ஊருக்குப் போகும்போது எடுத்து வந்து, அடுத்த பயணத்தில் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டமிட்டால், அப்பாவின் தீர்வை ரசீதையும் பில்லையும் சேர்த்தே எடுத்து வாருங்கள், சென்னையில் கிளம்பும்போதே ஏற்றுமதிச் சான்று போட்டுவிடுங்கள்.